ஏழாவது கேள்வி

இரண்டு பத்துக்கு மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து அம்சவேணியின் நாக்கில் தடவிவிட்டு, அவள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு நோட்டில் 14.10 என்று எழுதினார். ரிட்டயராகி மூன்று வருஷமாகிறது, இன்னும் மனுஷனுக்கு மத்தியானம் இரண்டு மணி என்று எழுத வரவில்லை. முப்பத்து மூன்று வருஷம் கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் கார்டாக உட்கார்ந்து, வந்த நேரம், நின்ற நேரம், கிளம்பிய நேரம் என்று எழுதிய கை, லேசில் திருந்துமா. இனி நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷத்தில் அவள் விழித்துக்கொள்வாள், அல்லது விழித்துக்கொள்ளமாட்டாள். கண் இப்போதும் திறந்துதான் இருக்கிறது. பதினான்கு மாதமாகப் பகலெல்லாம் திறந்துதான் இருக்கிறது. அந்தக் கண் ஃபேனைப் பார்க்கிறதா, சுவரைப் பார்க்கிறதா, தன்னைப் பார்க்கிறதா என்று அவரால் ஒருநாளும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. கொடுத்தது தூக்க மாத்திரை. ஊரில் தூக்கம் வராதவர்களுக்கெல்லாம் கொடுக்கிற அதே வெள்ளை மாத்திரை. சென்னை டாக்டர் முதலில் சொன்னபோது தணிகாசலத்துக்குக் கோபமே வந்துவிட்டது. கிடையாய்க் கிடக்கிறவளுக்குத் தூக்க மாத்திரையா, நம்மைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது இந்த ஆளுக்கு என்று மகள் இந்துமதியிடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் குமுறினார். டாக்டர் பொறுமைசாலி. "தலையில அடிபட்டதுல மூளையோட சில இடம் சாகல சார், பயந்துபோய் அடங்கிக் கிடக்கு. இந்த மாத்திரை சிலருக்கு அந்த அடக்கத்த எடுத்து விட்டுடுது. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் வேலை செய்யும். செஞ்சாலும் மருந்து உடம்புல இருக்கிற வரைக்கும்தான்" என்றார். பயந்துபோய் அடங்கிக் கிடக்கு. அந்தப் பேச்சைத் தணிகாசலம் வீடு வரைக்கும் கூடவே கொண்டுவந்துவிட்டார். அம்சா எதற்குப் பயந்தாள்? மாமியாருக்குப் பயந்தாளா, ரேஷன் கடைக்காரனுக்குப் பயந்தாளா? பல்லியைத் தவிர இந்த உலகத்தில் வேறு எதற்கும் அவள் பயந்து அவர் பார்த்ததில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஏலகிரி மலை சித்திரை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. ஜோலார்பேட்டை யார்டிலிருந்து ஏதோ ஒரு எஞ்சின் இரண்டு முறை ஊதியது. 14.16. முதல் தடவை மாத்திரை கொடுத்தது மார்கழியில். அன்றைக்கு முப்பத்தெட்டாவது நிமிஷம் அவர் அடுப்பில் கஞ்சியை வைத்துவிட்டு வந்து பார்க்கிறார், அம்சாவின் கண் அவர் பின்னாலேயே வருகிறது. கதவுக்குப் போனால் கதவுக்கு, பீரோவுக்குப் போனால் பீரோவுக்கு. இது நம்முடைய ஆசை, ஆசைக்குக் கண் தெரியாது என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டு நிற்கும்போதே, தொண்டையில் மண் அடைத்த மாதிரி ஒரு குரலில் "அடுப்பு எரியுது" என்றாள். பத்து மாதத்துக்கு அப்புறம் பேசின முதல் பேச்சு. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்து அழுதார். ஒரு மணி இருபது நிமிஷம் இருந்தாள். வாழைப்பழத்தைத் தன் கையால் பிடித்துத் தின்றாள். இந்து எங்கே என்றாள். ஜன்னலில் வந்து உட்கார்ந்த காக்காயைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் கரண்ட் போன ஃபேன் மாதிரி மெள்ள மெள்ள நின்றுபோனாள். இரண்டாவது தடவை ஐம்பது நிமிஷம். மூன்றாவது தடவை இருபத்தைந்து. உடம்பு மருந்துக்குப் பழகுகிறது, ஒரு மாதம் விட்டுப் பார்ப்போம் என்றார் டாக்டர். அந்த ஒரு மாதம் நேற்றோடு முடிந்தது. மூன்று தடவையிலும் எவ்வளவோ பேசினாள், எண்ணிப் பார்த்தால் நூறு வார்த்தைக்குக் குறையாது. ஆனால் அவரை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. ஏங்க என்று ஒரு வார்த்தை. அதற்கு என்ன பெரிய மூளை வேண்டும்? கொடியில் துணி எடுக்கும்போது ஏங்க, குக்கர் மூடி திறக்காவிட்டால் ஏங்க, ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஏங்க, என்னடி என்றால் ஒண்ணுமில்ல, இருக்கீங்களான்னு பார்த்தேன். டூட்டி முடிந்து வந்து கண்ணயர்கிற நேரம் பார்த்து அந்த ஏங்க வரும். இவளுக்கு வாய் வலிக்காதா என்று எத்தனை தடவை தலையணையைக் காதில் அமுக்கியிருக்கிறார். இப்போது அந்த ஒரு சத்தத்துக்காக மனுஷன் தவம் கிடக்கிறார். அம்சா வேண்டும் அவருக்கு. அவள் நடக்க வேண்டாம், சமைக்க வேண்டாம், எழுந்து உட்காரக்கூட வேண்டாம். ஏங்க என்றால் போதும்.

மூன்று மணிக்கு ஜெனிட்டா செல்போனில் முகம் காட்டுவாள். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், நல்ல பெண், தணிகாசலத்தை அங்கிள் அங்கிள் என்பாள். அவளிடம் பத்துக் கேள்வி இருக்கிறது. உங்க பேர் என்ன, இது எந்த ஊர், இது என்ன மாசம், பொண்ணு பேர் என்ன, வலது கையைத் தூக்குங்க, இது என்ன, ஸ்பூனா சீப்பா. இந்த ஆறுக்கு அப்புறம் ஏழாவது கேள்வி: பக்கத்துல உக்காந்திருக்காரே, இவர் பேர் என்ன? எட்டாவது ஒரு வரி படிக்கச் சொல்வது, கடைசி இரண்டும் கணக்கு. கணக்கு அம்சாவுக்கு அடிபடுவதற்கு முன்னாலேயே வராது. மூன்று தடவையும் பத்துக்கு ஐந்துதான். ஆறு வந்தால் மாத்திரை தொடரும், வராவிட்டால் நிறுத்திவிடுவார்கள். வலிப்பு வரக்கூடிய மருந்து, சரியான பலன் இல்லாமல் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக இன்றைக்குத்தான் கடைசி. அந்த ஆறாவது மார்க் எங்கே இருக்கிறது என்பது தணிகாசலத்துக்குத் தெரியும். ஏழாவது கேள்வியில் இருக்கிறது. முதல் தடவை ஜெனிட்டா அதைக் கேட்டபோது அம்சா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். ஜெனிட்டா கொஞ்சம் பொறுத்துவிட்டுச் சைபர் போட்டாள். தணிகாசலம் மட்டும் பார்த்தார், திரும்பின கன்னத்தில் ஒரு சிரிப்புச் சுழி விழுந்து மறைந்தது. சைபரா? முட்டாள் பெண்ணே, அவள் மூளை முழுசும் அங்கேதானே இருக்கிறது என்று கத்தவேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. போனில் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அம்மா ஜெனிட்டா, எங்க வீட்டுல அவ எம்பேரச் சொல்ற வழக்கம் கெடையாது." அந்தப் பெண் சிரிக்கவில்லை. "புரியுது அங்கிள், எங்க பெரியம்மாவும் அப்படித்தான். ஆனா எல்லாருக்கும் ஒரே கேள்விதான். நான் மாத்திக் கேட்டா அந்த மார்க்குக்கு மதிப்பில்லாமப் போயிடும்" என்றாள். நியாயம்தான். சிக்னல் சிவப்பாக இருந்தால் கார்டு தெரிந்தவர் என்று வண்டியை விடுவார்களா.

14.27. அம்சாவின் நெற்றியில் ஒரு ஈ உட்கார்ந்தது. விரட்டினார். அவள் இமை அசையவில்லை. கல்யாணமாகி வீட்டுக்கு வந்த அன்று அவருடைய அக்கா வாசலில் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு, எந்தம்பி பேரச் சொன்னாத்தான் உள்ள விடுவேன் என்று நின்றாள். அம்சா தலையைக் குனிந்தவள் குனிந்தவள்தான். அக்காவுக்குக் கை கடுத்துப்போய்த் தானே எடுத்துக்கொண்டாள். அப்புறம் ரேஷன் கடையில் கார்டை நீட்டி அதிலே இருக்கு பாருங்க என்பாள். பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டதற்கு, அந்த வலியிலும், வாசலில் நின்ற அவரைக் கையால் காட்டினாள். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவருக்குப் பேர் சொல்ல எதிர்வீட்டுக்காரியைக் கூட்டிவந்தாள். அவர் பேரில் பாதி திருத்தணியில் இருக்கிறது என்பதால் அந்த ஊர்ப் பேரையும் வாயில் எடுக்கமாட்டாள், அரக்கோணத்துக்கு அடுத்த மலை என்பாள். சாமியே கோபித்துக்கொள்ளப் போகிறது என்று இந்து கேலி செய்வாள். கல்யாணமான புதிதில் ஏலகிரி ஏரியில் படகில் போகும்போது, யாருமில்லை, ஒரே ஒரு தடவை சொல்லு என்று தணிகாசலம் கெஞ்சினார். கெஞ்சலா அது, ஒரு மணி நேரம். காதில் சொல்கிறேன் என்று கிட்டே வந்து, காதில் ஊதிவிட்டுச் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பேரை அவள் வாயால் கேட்டதில்லை. கேட்க எவ்வளவு ஆசைப்பட்டார் அப்போது. இப்போது அதைச் சொன்னால் மாத்திரை உண்டு. சொல்லாவிட்டால் இல்லை. நேற்று முழுக்க அவள் காதருகே குனிந்து, கேட்டாங்கன்னா சொல்லிடு அம்சா, ஒண்ணும் தப்பில்ல என்று சொல்லிவைக்கலாமா என்று யோசித்தார். வாய் வரைக்கும் வந்தது. சொல்ல முடியவில்லை. ஊர், மாதம் எல்லாம் போய்விட்டது. அடிபட்ட மண்டைக்குள் இந்த ஒன்றை மட்டும் அவள் யாருக்கும் கொடுக்காமல் பிடித்துவைத்துக்கொண்டிருக்கிறாள். அதையும் விட்டுவிடு என்று இவரே சொல்வதா? விடாவிட்டால் மாத்திரை போய்விடும். மாத்திரை போனால் அவள் போய்விடுவாள். விட்டால் மாத்திரை இருக்கும். இருந்தால் யார் இருப்பது? இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை முட்டிக்கொண்டு நின்றது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்து, மறுபடியும் இதே இடத்தில் வந்து நின்றது.

காத்திருக்கத் தெரியாதவர் இல்லை அவர். பொம்மிடி ஸ்டேஷனில் வண்டியைப் பக்கத்து லைனில் ஓரங்கட்டிப் போட்டுவிட்டால் எக்ஸ்பிரஸ் எல்லாம் போய் முடிகிற வரைக்கும் ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் அந்தத் தகரப் பெட்டியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். கார்டுக்கு உள்ள ஒரே வேலை பின்னால் இருப்பது, பார்த்துக்கொண்டே வருவது. ஐம்பத்தெட்டு பெட்டியும் ஒன்று விடாமல் கூட வருகிறதா, வழியில் எதுவும் கழன்றுவிட்டதா என்று. முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு பெட்டியைத் தொலைத்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் போன வருஷம் மாசி மாதம் மொபெட்டில் பின்னால் உட்காரவைத்த பெண்டாட்டியைத் தொலைத்தார். திருப்பத்தூரில் ஒரு சீமந்தத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரும் வழி. அம்சா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள், பாயசத்தில் ஏலக்காய் போதவில்லை, அந்தப் பெண்ணின் வளையல் அளவு பெரிசு, ஏங்க, கேக்குதா, ம், ஏங்க, ம். புதிதாகப் போட்ட வேகத்தடை, வெள்ளைக் கோடு போடவில்லை. வண்டி தூக்கிப் போட்டது. சமாளித்து ஓட்டிவிட்டோம் என்று அவருக்குப் பெருமைகூட வந்தது. அதற்கப்புறம் பேச்சு நின்றிருந்தது. அப்பாடா என்று இருந்தது அவருக்கு. அதுதான், அந்த அப்பாடாதான். பதினான்கு மாதமாக ஒருத்தரிடமும் சொல்லவில்லை. நல்ல காற்று, முகத்தில் வெயில் இல்லை, பின்னால் சத்தம் இல்லை, பெட்ரோல் பங்கு வரைக்கும் நிம்மதியாக ஓட்டினார். பங்கில் இறங்கு என்று திரும்பினால் சீட்டு காலி. அந்த வேகத்தடையில் கடைசியாக ஒரு ஏங்க கேட்டதா? கேட்டது. ம் என்றாரே. இல்லை, அது அதற்கு முந்தினதற்குச் சொன்ன ம். இல்லை, கடைசிதான். அவள் கூப்பிட்டாள், இவர் ம் என்றார், அவள் ரோட்டில் தலை இடித்துக் கிடந்தாள். அந்த ஏங்கவுக்கு இன்னும் பதில் பாக்கி இருக்கிறது. இன்னொரு தடவை கூப்பிட்டால் இந்தத் தடவை திரும்பிப் பார்ப்பார். வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அதைச் சொல்லத்தான் மாத்திரை வேண்டும் அவருக்கு, மருந்து, மார்க்கு, மூளை எல்லாம் அதற்கு அப்புறம்.

"அப்பா, மணி ரெண்டே முக்கா. ஏதாவது தெரியுதா?" என்று இந்து வாசற்படியில் வந்து நின்றாள். ஓசூரிலிருந்து லீவு போட்டுவிட்டுக் காலையில்தான் வந்திருந்தாள். கையில் செல்போன், அதை நிறுத்திவைக்கிற கம்பி ஸ்டாண்டு. "இல்லம்மா" என்றார். "நோட்ட மூடி வைங்கப்பா. அம்மாவப் பாருங்க." மூடினார். அம்சாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். மெலிந்துவிட்டது, வளையல் முழங்கை வரைக்கும் ஓடுகிறது. பழகிப்போச்சு, உடம்பு பழகிப்போச்சு, இந்தத் தடவை பத்து நிமிஷம்கூட இருக்காது, வரவே வராது. வராவிட்டால் ஏழாவது கேள்வியே இல்லை. ஒரு நொடி அதில் நிம்மதி எட்டிப்பார்த்தது. மறுபடியும் நிம்மதியா, மானங்கெட்ட மனசே என்று தன்னையே திட்டிக்கொண்டார். அப்போது அந்தக் கை அவர் கைக்குள் மெல்ல மடங்கியது. அம்சாவின் கண் ஃபேனிலிருந்து இறங்கி, ஜன்னலில் நின்று, கட்டிலின் விளிம்புக்கு வந்து, அவர் முகத்துக்கு வந்தது. வந்து தங்கியது. சொல்லு அம்சா, இப்ப சொல்லு. ஜெனிட்டா போனைப் போடுவதற்குள்ளே ஒரே ஒரு தடவை ஏங்கன்னு. "வெயில்" என்றாள். குரல் மூன்று தடவையையும்விடத் தெளிவாக இருந்தது. இந்து ஓடிவந்து கால்மாட்டில் உட்கார்ந்து "அம்மா, அம்மா" என்றாள். "இந்து, எப்ப வந்த?" என்றாள் அம்சா. அதற்குள் செல்போன் அடித்துவிட்டது.

ஜெனிட்டா திரையில் வந்து, "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று ஆரம்பித்தாள். பேர் என்ன? அம்சவேணி. எந்த ஊர்? பதில் இல்லை. என்ன மாசம்? தை, என்றாள், தப்பு. பொண்ணு பேர்? இந்துமதி. வலது கை தூக்கினாள். இந்து ஸ்பூனைக் காட்டினாள், ஸ்பூன் என்றாள். நாலு. படிப்பதற்கு ஒன்று வந்துவிடும், ஐந்து. தணிகாசலம் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சொல்லிடு, வேண்டாம், சொல்லிடு, வேண்டாம் அம்சா. "பக்கத்துல உக்காந்திருக்காரே, இவர் பேர் என்னம்மா?" அம்சா திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், அது எப்போது இறுகும் என்று. இறுகவில்லை. கன்னத்தில் சுழி விழவில்லை. எதிரே வருகிற ஸ்டேஷன் பலகையைப் படிக்கிறவள் போல, "தணிகாசலம்" என்றாள்.

இந்து விசும்பினாள். ஜெனிட்டா கை தட்டிவிட்டாள், பாவம், கேள்விகள் பாக்கி இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது. அப்புறம் மீதியையும் கேட்டாள். வரியைப் படித்தாள் அம்சா, கணக்கில் விழித்தாள். "ஆறு அங்கிள்! நான் இப்பவே டாக்டர்கிட்ட சொல்லிடறேன், மாத்திரை கண்டிப்பாத் தொடரும்" என்ற ஜெனிட்டா, சந்தோஷத்தில் தாளில் இல்லாத ஒன்றையும் கேட்டுவிட்டாள். "அம்மா, இவர் உங்களுக்கு என்ன வேணும்?" அம்சா மறுபடி அவரைப் பார்த்தாள். யோசிக்கிறாள் என்று தெரிந்தது. "கார்டு. கூட்ஸ் வண்டி கார்டு" என்றாள். "அம்மா, அப்பாம்மா, நம்ம அப்பா!" என்று இந்து அவள் தோளைத் தொட்டாள். யாராவது தப்பைத் திருத்தினால் மரியாதைக்குத் தலையாட்டுவோமே, அப்படித் தலையாட்டினாள். "பரவால்ல அங்கிள், கொஞ்சம் கொஞ்சமா வரும்" என்றாள் ஜெனிட்டா. "வரும்மா, வரும்" என்றார் தணிகாசலம். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. போன் அணைந்தது. இந்து தன் பெரியம்மாவுக்கும் வீட்டுக்காரருக்கும் போனில் ஆறு மார்க் என்று சொல்லக் கொல்லைப்புறம் போனாள், அழுகையும் சிரிப்புமாக அவள் பேசுவது உள்ளே கேட்டது. தணிகாசலம் அப்படியே உட்கார்ந்திருந்தார். படகில் போன அந்த நாளிலிருந்து, அந்தப் பேரை அவள் எத்தனை விதமாகச் சொல்லக்கூடும் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்திருக்கிறார், வெட்கத்தோடு, கோபத்தோடு, சாகும்போது ஒரு தடவை, எல்லாம். இப்படி ஒரு விதம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. வாய்விட்டு அழலாம் என்றால் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், வேற்று ஆள் முன்னால் அழுவதற்கு அவருக்குக் கூச்சமாக இருந்தது. அவளோடு வாடி போடி என்று வாழ்ந்த வருஷங்கள் முழுக்க அவருடைய தலையில் மட்டும்தான் இனி இருக்கும் போலிருக்கிறது. ஆனாலும் அவள் விழித்திருந்தாள். வியர்வை அரும்பின நெற்றியோடு, ஜன்னலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உயிரோடு, ஒரு கை தூரத்தில் இருந்தாள்.

"தணிகாசலம்" என்று கூப்பிட்டாள்.

அவர் சட்டென்று எழுந்தார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, கட்டிலுக்குக் கிட்டே போய், அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"சொல்லுங்க" என்றார்.